முன்னாள் மாணவர்கள் மட்டும்

கடலூர் கெடிலக்கரைக் கல்விப் பரிபாலன சங்க மேல்நிலைப்பள்ளிக்கு ஒரு கணக்கு ஆசிரியர் கிடைத்துவிட்டார் என்று தெரிந்தபோது அங்கே யாரும் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. கணக்கு ஆசிரியர் இல்லாமலேயே அந்தப் பள்ளி நெடுங்காலம் நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அந்த ஆசிரியர்தான். அவர் பெயர் சபாபதி.

சபாபதி அதே பள்ளியில் படித்தவர். அவர் பன்னிரண்டாம் வகுப்பு படித்த வருடம் முழுக்கக் கணக்குக்கு வாத்தியார் கிடையாது. புத்தகத்தோடு தனியாக மல்லுக்கட்டி, தட்டுத் தடுமாறிப் பாஸ் பண்ணி, இன்ஜினீயரிங் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பி.எஸ்ஸி., பி.எட். என்று மெல்ல நகர்ந்து, கடைசியில் சிதம்பரத்தில் ஒரு டுடோரியலில் ஒட்டிக்கொண்டார். ஊரில் கணக்கில் பெயிலான பிள்ளைகள் எல்லோரும் அவரிடம்தான் வந்து சேர்ந்தார்கள். சொல்லிக் கொடுத்துக் கொடுத்தே தலை நரைத்தது. அந்த மனிதருக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. தான் படித்த பன்னிரண்டு 'ஏ' பிரிவில், ஒரு வருடமாவது முதல் பாடத்திலிருந்து கடைசிப் பாடம் வரைக்கும் ஒழுங்காக நடத்தி, பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்பிவிட வேண்டும். இந்த ஆசை ஒரு பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு இடைஞ்சலானது என்பது அவருக்கு அப்போது தெரியாது.

முதல் நாள் காலை சிதம்பரத்தில் பஸ் ஏறி, பாதி வழி நின்றுகொண்டே வந்து, இஸ்திரி போட்ட சட்டை கசங்கி, பள்ளி வாசலில் காலை வைத்தபோது சபாபதிக்குக் கண் கலங்கியது. நேரே மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கும் பன்னிரண்டு 'ஏ' அறைக்குப் போனார். கதவில் பெரிய பூட்டு தொங்கியது. அதற்கு மேலே கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்தில் பொறித்திருந்தார்கள்: 'நினைவு வகுப்பறை. முன்னாள் மாணவர்கள் மட்டும். காலணிகளைக் கழற்றவும்.'

அலுவலக உதவியாளர் தங்கராசு சாவிக்கொத்தோடு அந்தப் பக்கம் வந்தார்.

"பசங்கல்லாம் எங்கங்க?" என்று சபாபதி கேட்டார்.

"எந்தப் பசங்க சார்?"

"இந்தக் கிளாஸ் பசங்க. பன்னெண்டு ஏ."

"ஓ, இப்பப் படிக்கிற பசங்களா?" தங்கராசு கொஞ்சம் யோசித்துத்தான் அவர்களை ஞாபகத்துக்குக் கொண்டுவந்தார். "அவுங்க சைக்கிள் ஷெட்ல இருப்பாங்க சார். காத்து நல்லா வரும்."

சைக்கிள் ஷெட்டில் பிள்ளைகள் சைக்கிள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையை இரண்டு சைக்கிள் கேரியர் மேல் சாய்த்து வைத்திருந்தார்கள். வகுப்பு முடியுமுன் யாராவது சைக்கிளை எடுத்தால் பலகை விழும். புது வாத்தியாரைப் பார்த்ததும் முதலில் எழுந்தவள் சுவேதா என்ற பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், வீடு சோனாங்குப்பம்.

"சார், நீங்க கணக்குக்கா வந்திருக்கீங்க? நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

"எனக்குக் கப்பல் கட்டுற படிப்பு படிக்கணும் சார். கணக்குல மார்க் ஜாஸ்தி வேணுமாம். போன வருசம் ஃபுல்லா கணக்கே நடக்கல."

இருபத்து சொச்சம் வருடத்துக்கு முன்னால் தான் கேட்க ஆளில்லாமல் இருந்ததை இந்தப் பெண் தன்னிடம் கேட்கிறாள். எல்லாப் பாடத்தையும் முடித்துத் தருகிறேன் என்று சபாபதி அங்கேயே வாக்குக் கொடுத்தார். கொடுத்த கையோடு தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

தலைமையாசிரியை லோகநாயகி அம்மாள் மேஜையில் பொன்னாடைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். சபாபதி விஷயத்தைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை. விவரம் தெரியாத பிள்ளைக்கு எடுத்துச் சொல்வதைப் போல நிதானமாக ஆரம்பித்தார்.

"நீங்க ஒண்ணு புரிஞ்சிக்கணும் சார். இப்பப் படிக்கிற பிள்ளைங்க வருவாங்க, போவாங்க. இன்னைக்கு இருக்கிறவன் ரெண்டு வருசம் கழிச்சு இருக்க மாட்டான். அவுங்கள நம்பி ஒரு ஸ்தாபனத்த நடத்த முடியுமா? முன்னாள் மாணவர்னா நிரந்தரம். சாவுற வரைக்கும் முன்னாள் மாணவர்தான். அவுங்க பெயிலாவ மாட்டாங்க. பெஞ்சு பத்தலன்னு சொல்ல மாட்டாங்க. வருவாங்க, அழுவாங்க, போட்டோ எடுப்பாங்க, பேனர் வெப்பாங்க, போயிடுவாங்க. இதவிட நல்ல மாணவர்கள் எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிடைப்பாங்க, சொல்லுங்க?"

"அந்த ரூம்ல அவுங்க இல்லாத நாள்லயாவது..."

"தூசு கலைஞ்சிடும் சார்."

"தூசா?"

"ஒரு தடவ தெரியாம கூட்டிட்டாங்க. தொண்ணூத்திரெண்டு பேட்ச் வந்து பாத்துட்டுக் கதறிட்டாங்க. அது அவுங்க காலத்துச் சாக்பீஸ் தூசு. அதுலேர்ந்து கூட்டுறதில்ல. ஓட்டுல ஒரு எடத்துல ஒழுகும், அதையும் மாத்தறதில்ல. அந்த ஒழுகல்லதான் நனைஞ்சோம்னு ஒரு பேட்ச்சே எழுதிக் குடுத்திருக்கு."

வேறு அறை கேட்கலாம் என்றால் வேறு அறையும் இல்லை. ஆய்வுக்கூடம் செல்ஃபி அறையாகியிருந்தது. நூலகத்தில் பழைய பிரம்புகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பதினொன்றாம் வகுப்பு மேடையிலும் பத்தாம் வகுப்பு தாழ்வாரத்திலும் நடந்தன. மற்ற வகுப்புகள் எங்கே நடக்கின்றன என்று சபாபதி கேட்கவில்லை.

வந்த வாரமே முதல் சந்திப்பைப் பார்த்தார். எண்பத்தொன்பதாம் வருட பேட்ச். தொந்தியும் சர்க்கரையும் வைத்திருந்த பெரிய மனிதர்கள் வெள்ளைச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் போட்டு வரிசையாக வந்தார்கள். அம்மாக்கள் இரட்டைச் சடையும் நீலத் தாவணியுமாக வந்தார்கள். பெல் அடித்தது. பிரார்த்தனை நடந்தது. இப்போது படிக்கிற பிள்ளைகள் இரண்டு பக்கமும் நின்று பன்னீர் தெளித்துக் கை தட்டினார்கள். கை தட்டுவது வெறும் கை தட்டல் அல்ல. வாரத்தில் இரண்டு பாடவேளை அதற்குப் பயிற்சி உண்டு.

முன்னாள் மாணவர் பேரவைத் தலைவர் ராபர்ட் அந்த பேட்ச்தான். துபாயில் சம்பாதித்து வந்து இங்கே ஐஸ் பேக்டரி வைத்திருப்பவர், நல்ல மனிதர், எதற்கெடுத்தாலும் அழுதுவிடுவார். அவர்தான் சபாபதியின் கையில் பிரம்பைக் கொடுத்தார்.

"எங்க கணக்கு சார் தவறிட்டாரு. அவரு எடத்துல நீங்கதான் நின்னு எங்கள அடிக்கணும்."

"நானா? எனக்கு அவரத் தெரியாதே."

"அவருக்கு வழுக்கை சார். உங்களுக்கும் லேசா இருக்கு. போதும்."

சபாபதி பேரவைத் தலைவர் உள்ளங்கையில் பட்டும் படாமலும் ஒரு அடி வைத்தார். ராபர்ட் முகம் வாடிவிட்டது. "அழுத்தி அடிங்க சார். அவரு அடிச்சா விரல் வீங்கும். ஃபீலிங்கே வர்ல" என்றார். அழுத்தி அடித்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. வரிசையில் நின்றவர்கள் தள்ளுமுள்ளுப் பண்ணினார்கள். ஒரு நகைக்கடைக்காரர் இரண்டாவது தடவை வந்து கை நீட்டினார்.

அடித்து முடித்ததும் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சபாபதிக்குப் பின்னால் கரும்பலகை இருந்தது, பக்கத்தில் சாக்பீஸ் இருந்தது, எதிரில் வகுப்பு உட்கார்ந்திருந்தது. பழகிய கை சும்மா இருக்குமா? திரும்பி ஒரு தொகையீட்டுக் கணக்கை எழுதி, விளக்கவும் ஆரம்பித்துவிட்டார். பாதி போட்டபோது ஜன்னலைப் பார்த்தார். வெளியே பன்னீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு சுவேதா ஜன்னல் கம்பியோடு ஒட்டி நின்று, உள்ளங்கையில் நோட்டை வைத்து, பலகையில் இருப்பதை எழுதிக்கொண்டிருந்தாள். சபாபதி குரலை உயர்த்தி, அவளுக்குக் கேட்கிறபடி அடுத்த வரியைச் சொன்னார்.

"சார், சார்," ராபர்ட் எழுந்தார். "நெசமாவே நடத்துறீங்களா?"

"ஆமா சார், ஒரே நிமிசம்..."

"வேணாம் சார். கணக்குன்னு பேரு இருந்தாப் போதும். உள்ள போனா மூடு போயிடும்."

போட்டோகிராபர் ஜன்னல் பக்கம் கையை ஆட்டினார். "அந்தப் பொண்ண நகரச் சொல்லுங்க. இந்தக் காலத்துப் பொண்ணு, ஃப்ரேமுக்கு ஒத்து வர்ல." தங்கராசு போய்ச் சொன்னார். சுவேதா செம்பை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். கணக்கு பாதியில் நின்றது.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கடலூர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. சைக்கிள் ஷெட்டுக்குள் கெடிலமே வந்ததைப் போலத் தண்ணீர் நின்றது. பிள்ளைகள் சைக்கிள் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு நோட்டைத் தலைக்கு மேலே பிடித்தார்கள். எதிரே பன்னிரண்டு 'ஏ' அறை பூட்டிக் கிடந்தது. சபாபதி நனைந்த சட்டையோடு தலைமையாசிரியையிடம் போய் நின்றார்.

"மேடம், அவுங்களும் நம்ம மாணவங்கதானே?"

"அதான் சார் சிக்கலே," என்றார் லோகநாயகி அம்மாள் மிகுந்த வருத்தத்தோடு. "அவுங்க இன்னும் மாணவங்களாவே இருக்காங்க."

இனி பள்ளிக்குள் கேட்டுப் பயனில்லை, முன்னாள் மாணவர்களையே பிடிக்கலாம் என்று சபாபதிக்குப் பட்டது. அவரும் ஒரு பேட்ச்தானே? அன்று சாயந்திரம் சிதம்பரத்தில் இறங்கியதும் பழைய சிநேகிதன் சிலம்பரசனுக்குப் போன் போட்டார். சிலம்பரசன் இப்போது காடாம்புலியூரில் முந்திரி வியாபாரம். ஏதோ வேலையாகச் சிதம்பரம் வந்திருந்தவன், கீழவீதி டீக்கடைக்கு வந்து சபாபதியைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். கடைசி பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன். இத்தனை வருடம் கழித்து அந்தப் பிடியில் சபாபதிக்கு மனசு இளகிவிட்டது. எல்லாவற்றையும் கொட்டினார்.

"இதுக்கா மச்சான் இப்படி உருகிப் போயிருக்க? நம்ம பேட்ச்ச நான் கூட்டறேன். நீ எழுந்து நம்ம கதையச் சொல்லு. வாத்தியார் இல்லாம நாம பட்ட பாட்டச் சொல்லு. அழுதுட மாட்டாங்களா? அந்த எடத்துலயே ரூம வாங்கிக் குடுத்துடுவோம்."

சொன்னபடியே கூட்டினான். ஓசூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும்கூட வந்தார்கள். சபாபதிக்கும் காக்கிக் கால்சட்டை தைத்திருந்தார்கள். ஆனால் ஒரு சங்கடம் வந்தது. அவர் அடிக்கிற வரிசையா, அடி வாங்குகிற வரிசையா? ஆசிரியர் என்றால் பாதபூஜை செய்து காலைக் கழுவ வேண்டும். மாணவர் என்றால் கழுவுகிற பக்கம் நிற்க வேண்டும். பேரவையின் துணைவிதியில் இதற்கு வழி சொல்லியிருக்கவில்லை. முக்கால் மணி நேரம் விவாதித்து, ஒரு காலை மட்டும் கழுவுவது என்று முடிவானது. சபாபதி இடது கால் ஈரத்தோடு மைக் முன்னால் போய் நின்றார்.

சொன்னார். எதையும் மறைக்காமல் சொன்னார். வருடம் முழுக்க முதல் பாடவேளையில் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். நல்லாப் படித்த நாலைந்து பேர் அந்த ஒரு பாடத்தால் எங்கெங்கோ சிதறிப் போனதைப் பெயர் சொல்லிச் சொன்னார். "இந்தப் பிள்ளைங்களுக்கு வாத்தியார் இருக்கேன். உக்கார எடம்தான் இல்ல. அதக் குடுத்துடுங்க" என்று கும்பிட்டார்.

அரங்கமே அழுதது. சிலம்பரசன் விக்கி விக்கி அழுதான். ராபர்ட் மேடையேறிச் சபாபதியைக் கட்டிக்கொண்டு அழுதார். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே! எத்தனையோ பேட்ச் வந்திருக்கு. எல்லாருக்கும் ஒரு வாத்தியார் நினைவு இருக்கு. ஆனா வாத்தியாரே இல்லாத நினைவு இந்த பேட்ச்சுக்கு மட்டும்தான் இருக்கு. இது நம்ம பள்ளியோட தனிச்சொத்து. இத அழிய விடலாமா? விடக் கூடாது! இன்று முதல் தினமும் முதல் பாடவேளையில, அதாவது அதே கணக்குப் பாடவேளையில, ஒரு காலி நாற்காலிக்கு மாலை போட்டு, பன்னெண்டு ஏ மாணவர்கள் மௌனமா நிப்பாங்க. அந்த நேரத்துல யாரும் எதையும் நடத்தக் கூடாது. நம்ம சபாபதி சார் அத முன்ன நின்னு நடத்துவாரு!"

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பயிற்சி பெற்ற பிள்ளைகளும் தட்டினார்கள். சிலம்பரசன் ஓடி வந்து, "பாத்தியா மச்சான், சாதிச்சிட்டோம்!" என்று சபாபதியைத் தூக்கிச் சுற்றினான். அறை பற்றிக் கேட்டபோது, "அதுவா? இந்த நேரத்துல போயி அதக் கேக்கறதா? எவ்ளோ எமோசனா இருக்காங்க பாரு" என்றான்.

மறுநாளிலிருந்து தினமும் ஒரு பாடவேளை, மழைத் தண்ணீரில், மாலை போட்ட நாற்காலிக்கு முன்னால் சபாபதி பிள்ளைகளோடு வாயை மூடிக்கொண்டு நின்றார். பாடம் சொல்ல வாத்தியார் இருந்தார், கேட்கப் பிள்ளைகள் இருந்தார்கள், வாத்தியார் இல்லாததற்காக இரண்டு தரப்பும் மௌனம் காத்தன. வாழ்க்கையில் இவ்வளவு அவமானமாக அவர் என்றைக்கும் உணர்ந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் தங்கராசு ஒரு வார்த்தை சொன்னார். பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். "முன்னாள் மாணவர்னா யாரு சார்? டி.சி. வாங்கினவுங்க. வேற இன்னா?"

சபாபதிக்குப் பொறி தட்டியது. தலைமையாசிரியை அறைக்கு ஓடினார். லோகநாயகி அம்மாள் துணைவிதியை எடுத்துப் புரட்டினார். 'இப்பள்ளியில் பயின்று மாற்றுச் சான்றிதழ் பெற்ற எவரும்' என்றுதான் இருந்தது; எப்போது பெற வேண்டும் என்று இல்லை. அம்மாளுக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது. ராபர்ட்டுக்குப் போன் போனது. "இந்தியாவுலயே இவ்ளோ சின்ன வயசுல முன்னாள் மாணவர் யாருக்கும் கெடையாது மேடம்!" என்று அவர் கத்தியது வெளியே கேட்டது.

"பரீட்சைக்கு ஒண்ணும் ஆகாதே மேடம்?" என்றார் சபாபதி.

"டி.சி.ங்கிறது ஒரு பேப்பர் சார். அதெல்லாம் பாத்துக்கலாம்."

பாத்துக்கலாம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று டுடோரியலில் காலம் தள்ளிய சபாபதிக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. எதிரே கூரையும் பலகையும் உள்ள ஒரு அறை இருந்தது. மனுசனுக்கு ஆசை வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். அவரே வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் எடுத்துச் சொன்னார். சோனாங்குப்பத்தில் சுவேதாவின் அம்மா தங்கம்மாள் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

பிள்ளைகள் முன்னாள் மாணவர்கள் ஆனார்கள். நாதஸ்வரம், மேளம், தலைக்குத் தலை பொன்னாடை. கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றச் சொல்லி, உள்ளே அனுப்பினார்கள். நேற்று வரை அவர்களை நனைய விட்ட பள்ளிக்கூடம் இன்று ஃபிளாஸ்கில் காபி அனுப்பியது. "ஐயா, அம்மா" என்று தங்கராசு கூப்பிட்டார். மௌனப் பாடவேளையும் அவர்களுக்கு இல்லை. அது படிக்கிற மாணவர்களுக்கு மட்டும். உண்மையிலேயே பாடம் நடத்தலாமா என்று சபாபதி கேட்டபோது ராபர்ட் பெருந்தன்மையாக அனுமதி கொடுத்தார். "அவுங்க நினைவெல்லாம் போன வாரத்து நினைவு சார். அவுங்க மூடுக்கு அவுங்க கேக்கறாங்க. நடத்துங்க."

நடத்தினார். பொங்கல் தாண்டி மாசி வரைக்கும் ஒரு நாள் விடாமல் நடத்தினார். தூசு பறக்கப் பலகையை அழித்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று சுவேதா எழுதியபோது பாதியில் நின்ற அந்தத் தொகையீட்டையும் முடித்துக் கொடுத்தார். சுவேதா அவர் ஒரு வழியில் போட்டால் தான் இன்னொரு வழியில் போட்டுக் காட்டினாள். கடைசிப் பாடத்தின் கடைசிக் கணக்கு முடிந்த அன்று பிள்ளைகள் கை தட்டினார்கள். பயிற்சி இல்லாத, கன்னாபின்னாவென்ற கைதட்டல் அது. சபாபதி வெளியே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சிதம்பரம் போகிற பஸ்ஸில் அன்று அவருக்கு உட்கார இடம்கூடக் கிடைத்தது.

ஹால் டிக்கெட் வந்தது. மற்ற பிரிவுகளுக்கு வந்தது. பன்னிரண்டு 'ஏ'வுக்கு வரவில்லை.

"எப்படி சார் வரும்?" லோகநாயகி அம்மாள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "டி.சி. போட்டதும் கம்ப்யூட்டர்ல பேரு போயிடுச்சில்ல? படிக்கிற பசங்களுக்குத்தானே பரீட்ச?"

"பாத்துக்கலாம்னு சொன்னீங்களே மேடம்!"

"பாத்தேன் சார். ஒரு ஆளு ஒரே நேரத்துல மாணவராவும் முன்னாள் மாணவராவும் எப்படி இருக்க முடியும்? நியாயமாச் சொல்லுங்க. ஒண்ணும் கொறஞ்சி போயிடல. இந்த வருசம் நம்ம பள்ளியில கணக்குல பெயிலே கெடையாது. கணக்கு இருக்கறது 'ஏ' பிரிவுக்கு மட்டும்தான், அதுல எழுத ஆளே இல்லாதப்ப யாரு பெயிலாவறது? பேனருக்குச் சொல்லியாச்சு. உங்க போட்டோவும் போடச் சொல்லியிருக்கேன்."

தனித்தேர்வராக எழுதவைக்கலாம் என்றால் அதற்கும் தேதி போயிருந்தது. சபாபதி மனுவை எழுதிக்கொண்டு மேலதிகாரி ஒருவரைப் பார்க்கப் போனார். மூன்று நாள் வாசலில் நின்றபிறகு உள்ளே விட்டார்கள். அதிகாரி மனுவை வாசித்தார். பள்ளியின் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்.

"பன்னெண்டு ஏ-வா? மூணாவது பெஞ்சு இன்னும் ஆடுதா சார்?"

"ஆடுது சார். இந்தப் பசங்க..."

"ஆடுதா!" அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எண்பத்தஞ்சு பேட்ச் நான். அடுத்த மீட்டிங் எப்பன்னு கட்டாயம் சொல்லுங்க. எவ்ளோ வேல இருந்தாலும் வந்துடுவேன்." மனுவை மடித்துச் சட்டைப் பையில், நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்த மனு யார் கையிலும் படவில்லை.

சோனாங்குப்பத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. தங்கம்மாள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது. "அடுத்த வருசம்னு சொல்றீங்க. அது வரைக்கும் எப்படி சார் வூட்ல ஒக்கார வெக்கறது? எறால் கம்பெனியில ஆள் கேட்டிருக்காங்க. பரீட்ச லீவு முடிஞ்சதும் அனுப்பிடறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டாள். சுவேதா உள்ளேயிருந்து வெளியே வரவில்லை.

கணக்குப் பரீட்சை நாள் வந்தது. பள்ளி தேர்வு மையம் என்பதால் வேறு பள்ளிப் பிள்ளைகள் வந்து மேடையிலும் தாழ்வாரத்திலும் எழுதினார்கள். பன்னிரண்டு 'ஏ' பிள்ளைகளுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் முன்னாள் மாணவர்கள் எந்த நாளும் வரலாம் என்று விதி இருந்ததே, அதனால் வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. சீருடை போட்டு, பேனாவில் மை ரொப்பி, வந்து வாசலில் நின்றிருந்தார்கள். சபாபதியால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மத்தியானம் பரீட்சை முடிந்து வெளியே வந்த ஒரு பையனிடம் கேள்வித்தாளை வாங்கினார். தங்கராசு கேட்காமலேயே கதவைத் திறந்துவிட்டார். சபாபதி கேள்விகளைப் பலகையில் எழுதிப் போட்டார். பிள்ளைகள் தள்ளித் தள்ளி உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார்கள். பேச்சுச் சத்தமே இல்லை. யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது என்றும் யாரும் கேட்கவில்லை.

பாதி நேரத்தில் ராபர்ட் வந்தார். கதவருகே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"ஐயோ சார்," என்றார் குரல் தழுதழுக்க. "அப்படியே நெஜப் பரீட்ச மாதிரியே இருக்கு சார்!"

போனை எடுத்துப் படம் பிடித்தார். "அம்மா, நீ கொஞ்சம் தலைய நிமிந்து சிரி" என்று சுவேதாவிடம் சொன்னார். சுவேதா நிமிரவில்லை. அவள் கடைசிக் கணக்கில் இருந்தாள்.

"வெளிய போங்க!" என்று சபாபதி கத்தினார். பணியில் சேர்ந்ததிலிருந்து அவர் கத்தியது அதுதான் முதல் தடவை. ராபர்ட் ஒரு கணம் திகைத்தார், பிறகு பரவசமாகிவிட்டார். "இதான் சார் கண்டிப்பு! இதத்தான் சார் நாங்க தொலைச்சிட்டோம்!" என்று கும்பிட்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியேறி, அதையும் குரூப்பில் போட்டார்.

தாள்களைச் சபாபதி அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாங்கிப் பார்த்துவிட்டு, சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பெரும்பாலும் எல்லோரும் பாஸ். கடைசியில் சுவேதாவின் தாள் இருந்தது. தேடித் தேடிப் பார்த்தும் சிவப்பு மைக்கு அதில் வேலையில்லை. நூற்றுக்கு நூறு போட்டுக் கொடுத்தார்.

சுவேதா வாங்கிப் பார்த்தாள். முதலில் சிரித்தாள். அப்புறம் தாளை மடிக்கப் போனவள், மடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"இத எங்க சார் காட்டணும்?"

சபாபதி தாளைத் திரும்ப வாங்கினார். முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு மார்க்காகக் கூட்டிக்கொண்டு வந்தார். அவள் காத்துக்கொண்டு நின்றாள். கூட்டி முடித்துவிட்டு இன்னொரு தடவை கூட்டினார். சரியாகத்தான் இருந்தது.